கணிப்பொறிக் காவல்: பெற்றோர் அறிய வேண்டிய சில உண்மைகள்

சென்ற கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், திருத்தணியை அடுத்த சிற்றூரில் விசைத்தறி ஓட்டிப் பிழைக்கும் அன்பர் ஒருவர் என்னை அணுகினார். அவர் கையில் வண்ணத் துண்டுப் பிரசுரம் ஒன்று இருந்தது. "ஆறே மாதத்தில் கணிப்பொறிப் பாதுகாப்பு நிபுணர்! வேலை உறுதி! வெளிநாட்டு வாய்ப்பு!" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். கட்டணம் ஒன்றரை லட்சம் ரூபாய்.

"சார், பையன் பிளஸ் டூ முடித்துவிட்டான். இதில்தான் சேருவேன் என்று ஒரே பிடிவாதம் பிடிக்கிறான். வீட்டில் அவளுடைய சங்கிலி ஒன்றுதான் இருக்கிறது. அதை அடகு வைத்துவிடலாமா என்று பார்க்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்றார்.

"சங்கிலி இன்னும் ஒரு வாரம் கழுத்திலேயே இருக்கட்டும். முதலில் இந்த வேலை எத்தகையது என்று பார்ப்போம்" என்றேன். அந்த ஒரு வாரத்தில் விசாரித்தும் படித்தும் அவரிடம் சொன்னவற்றையே இங்கே எழுதுகிறேன். இதே பிரசுரம் வேறு பல வீடுகளின் கதவையும் தட்டியிருக்கும் என்பதில் ஐயமில்லை.

வேலையின் இயல்பு

முற்காலத்தில் செல்வம் பெட்டகத்தில் இருந்தது. காவற்காரன் கையில் தடியுடன் வாயிலில் நின்றான். இன்று நம் வங்கிக் கணக்கும், நிலப் பத்திரமும், குடும்ப அட்டையும், மருத்துவக் குறிப்பும் கணிப்பொறிகளில் எழுத்துகளாகவும் எண்களாகவும் இருக்கின்றன. அவற்றை உரியவர் மட்டுமே பார்க்கவும், எவரும் திருத்திவிடாமல் இருக்கவும், வேண்டிய நேரத்தில் கிடைக்கவும் செய்வதே தகவல் பாதுகாப்பு எனப்படும் பணி.

இப்பணி தவறினால் என்ன நேரும்? 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணிப்பொறிகளைத் தீயோர் முடக்கினார்கள். நோயாளிகளின் பதிவு, இரத்தப் பரிசோதனை முடிவு முதலிய அனைத்தையும் ஊழியர்கள் பல நாட்கள் கையால் எழுதிச் சமாளிக்க வேண்டியதாயிற்று. தொலைதூரத்திலிருந்து வந்து விடியற்காலையிலேயே வரிசையில் நின்ற ஏழைகளே அதனால் முதலில் துன்புற்றார்கள். ஆகவே, இது பணக்காரரின் பணத்தை மட்டும் காக்கும் வேலை என்று எண்ணிவிடலாகாது.

வேலை நல்லது, தேவையும் மிகுதி. ஆனால் இதைச் சுற்றிச் சில தவறான எண்ணங்கள் பரவியிருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் தவறு: "இது ஒரு மாய வித்தை"

திரைப்படங்களில் இருட்டறையில் அமர்ந்த இளைஞன் நான்கு பொத்தான்களைத் தட்டுகிறான். வங்கியின் கதவு திறந்துகொள்கிறது. பிள்ளைகள் இதைக் கண்டு மயங்குகிறார்கள். பிறர் கணக்கில் நுழைந்து பார்ப்பதே திறமை என்று எண்ணி, விளையாட்டாக நண்பனுடைய கணக்கின் கடவுச்சொல்லைத் திருடிப் பார்ப்போரும் உண்டு.

இது விளையாட்டன்று. உரியவர் அனுமதியின்றிப் பிறர் கணிப்பொறியுள் நேர்மையற்ற நோக்குடன் நுழைவது, 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி குற்றமாகும். மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. வழக்கு ஒன்று பதிவாகிவிட்டால், காவல் தொழிலுக்கு அந்தப் பிள்ளையை எவர் நம்பி அழைப்பார்?

அதே திறமை நேர்வழியில் சென்றால் என்னவாகும் என்பதற்கும் நம்மிடையே சான்று உண்டு. சென்னையைச் சேர்ந்த லட்சுமண் முத்தையா என்னும் இளைஞர், இன்ஸ்டாகிராமில் கடவுச்சொல்லை மாற்றும் முறையில் இருந்த ஓட்டை ஒன்றை 2019இல் கண்டுபிடித்தார். செல்பேசிக்கு வரும் ஆறிலக்க எண்ணைப் பல இணைய முகவரிகளிலிருந்து ஒரே நேரத்தில் முயன்று கண்டறிய முடியும் என்பதே அது. அவர் நினைத்திருந்தால் எத்தனையோ பேருடைய கணக்குகளைக் கைப்பற்றியிருக்கலாம். அவரோ அந்நிறுவனத்திற்கே அதை எழுதித் தெரிவித்தார். ஓட்டை அடைக்கப்பட்டது, அவருக்கு 30,000 டாலர் பரிசும் கிடைத்தது. 2021இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்திடமிருந்தும் இவ்வாறே 50,000 டாலர் பெற்றார்.

இதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். இத்தகைய பரிசு மாதச் சம்பளம் அன்று. பலர் மாதக்கணக்கில் தேடியும் ஒன்றும் காணாமல் போவதுண்டு. அன்றியும், "எங்கள் அமைப்பைச் சோதிக்கலாம்" என்று எந்த நிறுவனம் வெளிப்படையாக அறிவித்து எல்லை வகுத்திருக்கிறதோ, அங்கே மட்டுமே, அந்த எல்லைக்குள் மட்டுமே, சோதிக்க வேண்டும். பூட்டைச் சரிபார்க்க வந்த தச்சனையும் பூட்டை உடைக்க வந்த கள்வனையும் வேறுபடுத்துவது கையிலுள்ள கருவி அன்று. வீட்டுக்காரர் தந்த அனுமதியே.

இரண்டாவது தவறு: "கணிதப் புலிகளுக்கே இத்துறை"

"என் பிள்ளை கணிதத்தில் நடுத்தரந்தான், ஆங்கிலமும் சரளமாக வராது. அவனுக்கு இது கிட்டுமா?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. இரகசியக் குறியீடுகளை வகுக்கும் ஆராய்ச்சிக்கு உயர்கணிதம் கட்டாயம் வேண்டும். ஆனால் அத்துறையில் அது ஒரு மூலை மட்டுமே. இரவும் பகலும் கணிப்பொறிப் பதிவேடுகளைக் கண்காணிப்போர், விதிகள் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று தணிக்கை செய்வோர், குற்றம் நடந்தபின் தடயம் தேடுவோர், சட்டம் அறிந்தோர், ஊழியர்களுக்குப் பயிற்சி தருவோர் எனப் பலரும் சேர்ந்தே இக்காவலை நடத்துகிறார்கள். வணிகவியல் படித்த பிள்ளைக்கும் தணிக்கை வழியாக இதில் இடமுண்டு.

நம் தமிழ்நாட்டிலேயே நடந்த நிகழ்ச்சி ஒன்றைக் கேளுங்கள். கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில், 2018 பிப்ரவரியில், ஊழியர் எவரும் அனுப்பாத மூன்று பணமாற்று ஆணைகள் வெளிநாட்டு வங்கிகளுக்குச் சென்றன. மொத்தம் ஏறத்தாழ 20 லட்சம் டாலர். அந்த ஆணைகளின் ஒப்புகையை அச்சிட்டுத் தர வேண்டிய பொறி அன்று வேலை செய்யாதபடி செய்யப்பட்டிருந்தது. வழக்கமான கோளாறு என்றே அதை எண்ணினார்கள். மறுநாள் காலை கணக்கைச் சரிபார்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. உடனே தகவல் பறந்தது. துபாய்க்குச் செல்லவிருந்த 5 லட்சம் டாலர் வழியிலேயே தடுக்கப்பட்டது. அங்கே திருட்டை வெளிக்கொணர்ந்தது எந்த மாய வித்தையும் அன்று. ஒவ்வொரு நாளும் தவறாமல் கணக்குப் பார்க்கும் பழைய வங்கி ஒழுக்கமே.

அதற்கு இரண்டாண்டு முன்னர், 2016 பிப்ரவரியில், வங்காளதேச மைய வங்கியின் பணத்தைக் கொள்ளையடிக்க முயன்றவர்கள் 95 கோடி டாலருக்கு மேல் குறிவைத்தார்கள். 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸ் நாட்டுக்குச் சென்றுவிட்டது. ஆனால் இலங்கையிலுள்ள ஒரு அமைப்பின் பெயருக்கு அனுப்பப்பட்ட 2 கோடி டாலர் நின்றுபோயிற்று. ஏன் தெரியுமா? அந்தப் பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்னும் ஆங்கிலச் சொல்லைக் கள்வர்கள் பிழையாக எழுதியிருந்தார்கள். அந்த எழுத்துப் பிழை இடைநின்ற வங்கியில் ஐயத்தை எழுப்பியது. கண்ணில் பட்ட சிறு பிழையை "இருந்துவிட்டுப் போகட்டும்" என்று விடாத மனமே இத்தொழிலுக்கு முதல் தகுதி.

நான் அந்த நெசவாளரிடம் சொன்னேன்: "தறியில் ஒரு பாவு நூல் அறுந்தால், ஓசையிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது அல்லவா? கவனியாமல் விட்டால் துணி நெடுக அந்தக் குறை ஓடுமல்லவா? உங்கள் பிள்ளை கற்க வேண்டியதும் அதுவே. பல்லாயிரம் இழைகளுள் அறுந்த ஒன்றைக் கண்டுபிடிக்கும் பொறுமை." அவர் முகத்தில் ஒரு தெளிவு பிறந்தது.

மொழியைப் பற்றியும் கவலை வேண்டா. பாடநூலைப் படிக்கவும் அறிக்கை எழுதவும் போதிய ஆங்கிலம் தேவை. அதை முயன்று கற்கலாம். ஆனால் மோசடிக்காரர்கள் இன்று தமிழிலும் தெலுங்கிலும் பேசியே முதியோரை ஏமாற்றுகிறார்கள். எல்லைப்புறமான திருத்தணியில் வளரும் பிள்ளைகளுக்கு இவ்விரு மொழிகளும் தாய்ப்பாலோடு வருகின்றன. மக்களிடம் அவர்கள் மொழியிலேயே எச்சரித்துப் பேசக்கூடிய காவலர் எங்கும் தேவைப்படுகிறார்.

மூன்றாவது தவறு: "சான்றிதழ் இருந்தால் வேலை நிச்சயம்"

நகையை அடகுக் கடைக்கு அனுப்புவது இந்த எண்ணமே. ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

இத்துறையில் உலகெங்கும் மதிக்கப்படும் சான்றிதழ்களுள் ஒன்று சி.ஐ.எஸ்.எஸ்.பி. என்பது. அதை முழுமையாகப் பெற, தேர்வில் தேறினால் மட்டும் போதாது. இத்துறையில் ஐந்தாண்டு வேலை அனுபவமும் காட்ட வேண்டும். பட்டப்படிப்பு இருந்தால் ஓராண்டு குறைக்கப்படும். அனுபவம் இல்லாதவர் தேர்வில் வென்றாலும் துணைநிலையில்தான் வைக்கப்படுவார். சான்றிதழ் வழங்குவோரே அனுபவத்தைக் கேட்கும்போது, பிளஸ் டூ முடித்த பிள்ளையை ஆறு மாதத்தில் நிபுணராக்குவதாக ஒருவர் சொல்வதை எப்படி நம்புவது?

எல்லாப் பயிற்சி நிலையங்களும் போலி என்று நான் சொல்லவில்லை. நேர்மையாகக் கற்பிப்போரும் இருக்கிறார்கள். ஆனால் அடித்தளம் இல்லாத இடத்தில் மாடி கட்ட இயலாது. கணிப்பொறி எவ்வாறு இயங்குகிறது, ஒன்றோடு மற்றொன்று எவ்வாறு பேசுகிறது, லினக்ஸ் போன்ற இயங்குதளங்களை எவ்வாறு நிர்வகிப்பது, சிறு நிரல்களை எவ்வாறு எழுதுவது ஆகிய நான்கும் தெரியாமல் பாதுகாப்பு மட்டும் கற்பது, வீட்டின் வாயில் எதுவென்று அறியாமல் காவலுக்கு நிற்பதை ஒக்கும். கணிப்பொறி அறிவியல், பி.சி.ஏ., மின்னணுவியல் போன்ற பட்டப்படிப்போ, பாலிடெக்னிக் படிப்போ இந்த அடித்தளத்தைத் தரும். முதல் வேலையும் பெரும்பாலும் "பாதுகாப்பு" என்ற பெயரோடு வராது. அலுவலகத்தில் கணிப்பொறி பழுதானால் ஓடிச் சென்று உதவுவதும், வலையமைப்பைப் பராமரிப்பதும், இரவு நேரத்தில் எச்சரிக்கைகளைப் பார்த்துக் குறித்து வைப்பதும்தான் தொடக்கப் படிகள். அவற்றை இழிவென்று எண்ணலாகாது.

மேலும், அறிவை நாடுவோர்க்கு இன்று கதவுகள் திறந்தே இருக்கின்றன. ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003 முதல் நடத்திவரும் என்.பி.டெல். திட்டத்தில், தகவல் பாதுகாப்பு உட்படப் பல பாடங்களை வீட்டிலிருந்தே கட்டணமின்றிக் கற்கலாம். தேர்வெழுதிச் சான்றிதழ் பெற விரும்புவோர் மட்டும் சிறு தொகை செலுத்தினால் போதும். தமிழக அரசு 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழும் கல்லூரி மாணவர்களுக்குத் தொழில்திறன் பயிற்சிகள் தரப்படுகின்றன. ஒன்றரை லட்சத்தைக் கொட்டுமுன், பிள்ளை இவற்றுள் ஒரு பாடத்தையேனும் தொடங்கி முடிக்கிறானா என்று பாருங்கள். முடித்தால் ஆர்வம் மெய்யானது. இடையில் விட்டால், சங்கிலி தப்பியது!

நான்காவது தவறு: "கடல் கடந்தால் கைநிறையப் பணம்"

இந்த எண்ணம் பணத்தை மட்டும் அன்று, பிள்ளையையே பறித்துவிடக்கூடியது. தாய்லாந்தில் கணிப்பொறி வேலை, நல்ல சம்பளம், தங்குமிடம் என்று ஆசை காட்டி அழைத்துச் செல்லப்பட்ட நம் இளைஞர்கள் பலர், எல்லை கடத்தப்பட்டு மியன்மாரின் மியாவடிப் பகுதியில் அடைக்கப்பட்டார்கள். அங்கே அவர்களுக்குத் தரப்பட்ட "வேலை", இணையத்தின் வழியாக அப்பாவி மக்களை ஏமாற்றுவது! மறுத்தவர்கள் அடியும் உதையும் பட்டார்கள். அவ்வாறு சிக்கியோருள் தமிழகத்தைச் சேர்ந்த 13 பேர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். கம்போடியாவிலும் லாவோசிலும் இதே கொடுமை நடந்திருக்கிறது.

காவற்காரனாகப் போக விரும்பிய பிள்ளை கள்வர் கூட்டத்தின் அடிமையாகும் இந்த அவலத்தை எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டு வேலை என்றால், அழைக்கும் முகவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்று வெளியுறவு அமைச்சகத்தின் 'இ-மைக்ரேட்' தளத்தில் பாருங்கள். சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் விசாரியுங்கள். "சுற்றுலா விசாவில் வா, பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று எவரேனும் சொன்னால், அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது தவறு: "பெண்பிள்ளைகளுக்கு ஆகாது"

இரண்டாம் உலகப் போரின்போது எதிரிகளின் இரகசியச் செய்திகளை உடைத்துப் படித்த இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க் நிலையத்தில் பணிபுரிந்தோருள் ஏறக்குறைய முக்கால் பங்கினர் பெண்களே. பொறுமையும் நுண்ணிய கவனமும் தேவைப்படும் இப்பணியில் நம் பெண்மக்களுக்குக் குறை என்ன?

இரவுப் பணி உண்டு என்பது மெய்தான். இணையத் தாக்குதல் நேர்ந்தால் ஆறு மணி நேரத்திற்குள் 'செர்ட்-இன்' என்னும் மத்திய அரசு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022இல் வந்த விதி. ஆகவே எவரேனும் எந்நேரமும் விழித்திருக்கத்தான் வேண்டும். இது ஆணுக்கும் பெண்ணுக்கும் உடலை வருத்தும் வேலையே. போக்குவரத்து வசதி உண்டா, பாதுகாப்பு எத்தகையது, முறைமாற்றம் எவ்வாறு என்று வேலையில் சேருமுன் கேட்டறிவது நன்று. கேட்டறியாமல், "வேண்டா" என்று மகளின் கதவை அடைத்துவிடுவது நீதியன்று.

பெற்றோர் கேட்க வேண்டியவை

பயிற்சி நிலையம் எதுவாயினும், பணம் கட்டுமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள். கற்பிப்பவர் இத்துறையில் எங்கே, எத்தனை ஆண்டு பணிபுரிந்தவர்? சென்ற ஆண்டு பயின்றவர்களுள் இருவரையேனும் நேரில் சந்திக்கலாமா? "வேலை உறுதி" என்பதையும், கிடைக்காவிட்டால் பணம் திரும்பும் என்பதையும் எழுத்தில் தருவீர்களா? இடையில் நின்றால் மீதிக் கட்டணம் என்னவாகும்? நேர்மையானவர் பொறுமையாகப் பதில் சொல்வார். "இன்றே கட்டினால் பாதிக் கட்டணம்" என்று அவசரப்படுத்துபவரிடம் அவசரமாக விடைபெறுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. இத்துறையில் உங்களுக்கு ஆர்வம் இருந்தால், முதல் பயிற்சிக்களம் உங்கள் வீடே. பாட்டியின் செல்பேசியில் வரும் பொய்ச் செய்திகளை இனங்காணக் கற்றுக்கொடுங்கள். ஓ.டி.பி. எண்ணை எவர் கேட்டாலும் சொல்லலாகாது என்று அப்பாவுக்கு எடுத்துரையுங்கள். காணொளியில் காக்கிச் சட்டையுடன் தோன்றி "டிஜிட்டல் கைது" என்று எவனாவது மிரட்டினால், நம் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது என்று அண்டை வீட்டாருக்கும் சொல்லுங்கள். பணம் பறிபோனால் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்பதைப் பங்கு இளைஞர் மன்றம் ஊரறியச் செய்யட்டும். இவற்றைப் பொறுமையோடு செய்யும் பிள்ளை ஏற்கெனவே இத்தொழிலில் காலடி வைத்துவிட்டது.

காவலும் ஒரு திருப்பணி

பாம்பின் விவேகத்தையும் புறாவின் கள்ளமின்மையையும் நம் ஆண்டவர் தம் சீடரிடம் ஒருங்கே வேண்டினார். கள்வனின் சூழ்ச்சி அனைத்தையும் அறிந்திருந்தும் ஒரு காசுகூடத் தொடாமல் இருக்க வேண்டிய இந்தத் தொழிலுக்கு அதைவிடப் பொருத்தமான அறிவுரை வேறில்லை. இதில் உள்ளவர் கையில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் இரகசியம் இருக்கும். எவரும் பாராத வேளையில் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதே அவருடைய தகுதி. அந்தத் தகுதியை எந்த நிலையமும் ஆறு மாதத்தில் விற்க முடியாது. அது வீட்டில், குடும்பச் செபத்தில், தாய் தந்தையின் நடத்தையில் விளைவது.

கணிப்பொறி பக்திக்குப் பகை என்று கருதுவோரும் உண்டு. 2025 செப்டம்பர் 7ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ புனிதராக அறிவித்த கார்லோ அக்குதிஸ், கணிப்பொறியை விரும்பிக் கற்ற இளைஞர். நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தில் வெளியிட்டவர். 2006இல் தமது 15ஆம் வயதில் இறந்தவர். கருவி ஒன்றே, அதை ஏந்தும் உள்ளமே அதைப் புனிதமாக்குகிறது.

திருத்தணி மலைக்கு 365 படிகள். ஆண்டின் நாளுக்கு ஒன்று என்று ஊரார் கணக்குச் சொல்வார்கள். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்திலும் கவனித்திருப்பீர்கள்: முதல் படியிலிருந்து உச்சிக்கு எவரும் தாவுவதில்லை. இவ்வூரில் எளிய குடும்பத்தில் பிறந்த இராதாகிருஷ்ணனும் திருப்பதி, வேலூர், சென்னை என்று கிறிஸ்தவக் கல்விச்சாலைகளில் படிப்படியாகக் கற்றே நாட்டின் தலைவரானார்.

அந்த நெசவாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும் அல்லவா? நான்கு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, மகனையும் கூட்டிக்கொண்டு அந்த நிலையத்துக்குப் போனார். முதல் கேள்விக்குச் சிரித்தார்கள். மூன்றாவது கேள்விக்கு மேலாளர் வெளியே போயிருப்பதாகச் சொன்னார்கள். தந்தையும் மகனும் பேசாமல் இரயிலேறித் திரும்பினார்கள். இரண்டு நாள் அவன் முகங்கொடுத்துப் பேசவில்லை என்று கேள்வி. இன்று அவன் அரசுக் கல்லூரி ஒன்றில் கணிப்பொறி அறிவியல் முதலாண்டு பயில்கிறான். இரவில் தறியின் ஓசைக்கு நடுவே இலவசப் பாடம் ஒன்றைக் கேட்டுக் குறிப்பெடுக்கிறான். அவன் நிபுணனாவானா என்பதைக் காலம் சொல்லும்.

சென்ற ஞாயிறு அவனுடைய தாயைக் கோவிலில் கண்டேன். சங்கிலி அவர் கழுத்தில் இருந்தது.